பிழைத்தவர் கதையையும் பேசுவோம்

தோட்டத்துத் தோழர்களே!

நம் லயத்தில் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டால், மறுநாள் பெரட்டுக் களத்திலேயே கதை பரவிவிடும். "கடன் தொல்லையாம்", "குடும்பச் சண்டையாம்" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எப்படி, எங்கே என்பதுகூட விட்டுப்போகாது. ஆனால் அந்த விளிம்பு வரை போய்த் திரும்பியவர் கதையை யாரும் பேசுவதில்லை.

ஏன்? வெட்கம் ஒரு காரணம், சட்டம் இன்னொன்று. தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றது குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே "போலீசு வருமா?" என்று வீட்டார் நடுங்கினார்கள். 2023-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. சட்டத்தின் பூட்டு திறந்தாயிற்று. நம் வாய்ப்பூட்டு திறந்ததா?

பேசினால் என்ன லாபம் என்கிறீர்களா? ஆஸ்திரிய நாட்டு வியன்னாவில், சுரங்க ரயில் நிலையத் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதிவந்த பத்திரிகைகள் 1987-இல் அடக்கி எழுதத் தொடங்கின. அத்தகைய சாவுகள் வெகுவாகக் குறைந்தன. துன்பத்தைத் தாங்கி மீண்டவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் குறைந்து காணப்பட்டதாக 2010-இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆக, எந்தக் கதையைச் சொல்கிறோம் என்பதில் உயிர் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த பால்வெட்டுக்கார அக்கா ஒருவர். புருசன் போய், கடன் ஏறி, மூன்று பிள்ளைகளோடு நின்றவர். ஓர் இரவு, இனி வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டார். விளக்கு அணையாததைக் கண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, "என்னாம்மா, தூங்கலையா?" என்று கேட்டார். விடியும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார். காலையில் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். கடனைத் தவணையாக்க மண்டோர் பேசினார்.

பல வருசம் கழித்து, மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் அதே அக்கா சொன்னார்: "நானும் அந்த ராத்திரியப் பார்த்தவதான், தங்கச்சி. விடியும். அதுவரைக்கும் நான் கூட இருக்கேன்."

இதை எந்தப் படித்தவராலும் சொல்ல முடியாது. அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். ஆனால் யாரையும் வற்புறுத்திப் பேசவைக்காதீர்கள். எப்படிச் சாக நினைத்தோம் என்பதை விடுங்கள். எப்படி மீண்டோம், யார் கைகொடுத்தார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

வெறும் கதை கடனை அடைக்காது, சம்பளத்தை உயர்த்தாது. அதற்கான போராட்டம் தனி. ஆனால் போராட ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே!

மனம் பாரமாக இருக்கிறவர்கள், 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 03-76272929 எண்ணில் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.

இன்றைக்கு ராத்திரி பக்கத்து வீட்டில் விளக்கு அணையாதிருந்தால், போய்க் கதவைத் தட்டுங்கள்.