மனிதனிடம் ஏன் சொல்ல வேண்டும்?

தபசுக் காலம் தொடங்குமுன்னரே ஒரு கடிதம் நம் மேசைக்கு வந்துவிட்டது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவர். அவருடைய மூத்த மகள் பாஸ்குத் திருநாளுக்குப் பின் புதுநன்மை வாங்கப் போகிறாள். பிள்ளைகள் முதல் பாவசங்கீர்த்தனம் செய்யும் நாளில் பெற்றோரும் உடன் வந்து ஒப்புரவாவது நல்லது என்று பங்குத் தந்தை அறிவித்திருக்கிறார். நம் அன்பரோ பதினொரு ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர். ஞாயிறு பூசை தவறுவதில்லை. நற்கருணை வேளையில் மட்டும் பின்புறத் தூணருகே நின்றுவிடுகிறார். “அப்பா, நீங்களும் வருவீங்கதானே?” என்று மகள் கேட்டாளாம். பதில் சொல்ல முடியாமல் நமக்கு எழுதியிருக்கிறார்.

“பாவத்தை மன்னிப்பவர் கடவுள் ஒருவரே. அவரிடம் நான் இரவில் முழந்தாளிட்டு நேரே சொல்லி விடுகிறேன். எங்கள் சுவாமியாரின் கோபத்தை நான் அறிவேன். ஏழை எளியவரிடம் அவர் பேசும் விதத்தையும் அறிவேன். அவரிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்? என்னை மன்னிக்க அவர் யார்?” இதுவே கடிதத்தின் சாரம்.

அன்பருக்கு முதலில் ஒன்று சொல்வோம். அவருடைய முதல் வாக்கியத்தில் ஓர் எழுத்தைக்கூட நாம் திருத்தப் போவதில்லை. திருச்சபையும் திருத்தியதில்லை. கடைசிக் கேள்வியும் புதிதன்று. கப்பர்நாகூமில் ஒரு வீட்டில் அதை முதன்முதல் சிலர் மனத்துக்குள் கேட்டார்கள்.

அந்த வீட்டைச் சற்று மனக்கண்முன் கொண்டுவருவோம். கலிலேயா ஏரிக்கரையில் இருந்த அவ்வூரைப் பிரான்சிஸ்கன் துறவியர் 1968 முதல் தோண்டி ஆராய்ந்தார்கள். கரடுமுரடான கரும்பாறைக் கற்களை அடுக்கிய சுவர்கள், சிறு அறைகள், நடுவில் பல குடும்பங்களுக்குப் பொதுவான முற்றம். மரச்சட்டமும் நாணலும் மண்ணும் கொண்ட இலேசான கூரையைத்தான் அச்சுவர்கள் தாங்கியிருக்கும். மாற்கு தம் இரண்டாம் அதிகாரத்தில் கூரையைத் தோண்டித் திறந்தார்கள் என்று எழுதுவது இதனோடு நன்கு பொருந்துகிறது. நால்வர் ஒரு திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு இறக்குகிறார்கள். கீழே இருந்தவர்கள் தலையில் மண் உதிர்ந்திருக்கும். வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, சுவிசேஷகர் எழுதவில்லை! எல்லாரும் எதிர்பார்த்தது குணமளிக்கும் ஒரு சொல். ஆண்டவரோ அந்த மனிதனுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று அறிவிக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த மறைநூல் அறிஞர் திடுக்கிட்டார்கள். இது தேவதூஷணம், கடவுள் ஒருவரன்றி வேறு யார் பாவத்தை மன்னிக்கக் கூடும் என்று நினைத்தார்கள்.

இந்த அறிஞரை ஏசிவிட்டு நகர்வதே நம் வழக்கம். அது நியாயமன்று. அவர்கள் கேட்டது சரியான கேள்வி. இதை விளங்கிக்கொள்ள, நம்மில் பலருக்கு நினைவிருக்கும் ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 1981 மே 13-ஆம் நாள் புனித இராயப்பர் சதுக்கத்தில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரை மெகமெத் அலி ஆஜா என்பவன் சுட்டான். நான்கே நாள் கழித்து, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து ஒலிபரப்பான தம் குரலில், அவனை மன்னித்துவிட்டதாகத் திருத்தந்தை தெரிவித்தார். 1983 டிசம்பர் 27-ஆம் நாள் ரோமையிலுள்ள ரெபிபியா சிறைக்கே சென்று, அவனருகே அமர்ந்து பேசினார். உலகம் வியந்தது. ஆயினும் அன்று அந்தக் குண்டுகள் திருத்தந்தையை மட்டும் காயப்படுத்தவில்லை. கூட்டத்திலிருந்த இரு பெண்களும் அடிபட்டார்கள். அவர்கள் சார்பில் திருத்தந்தை மன்னித்துவிட முடியுமா? முடியாது. தமக்கு நேர்ந்ததை அவர்களே மன்னிக்க வேண்டும். இத்தாலிய அரசோ தன் பங்குக்கு அவனைச் சிறையிலேயே வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் அவனுக்கு மன்னிப்பு வழங்கினார். ஆக, அடிபட்டவர் தம் காயத்தை மன்னிக்கலாம். அரசு தண்டனையை நீக்கலாம். கடவுளுக்கு எதிராக ஓர் ஆத்துமம் செய்ததை, அது பாவம் என்ற அளவில், இவர்களில் எவரும் நீக்க முடியாது. திருத்தந்தையேயானாலும் அடிபட்ட மனிதர் என்ற நிலையில் முடியாது.

கப்பர்நாகூம் அறிஞர் சொன்னதும் இதுவே. அந்த நோயாளி இயேசுவுக்குத் தனிப்பட்ட தீங்கு ஏதும் செய்தவனாகத் தெரியவில்லை. அப்படியிருக்க, அவனுடைய எல்லாப் பாவங்களும் தமக்கே எதிராகச் செய்யப்பட்டவைபோல் ஆண்டவர் பேசுகிறார். ஒன்று, இது தேவதூஷணம். அல்லது, பேசுகிறவர் அந்தக் கடவுளே. மூன்றாவது வழி இல்லை. அறிஞர் முதல் வழியைத் தெரிந்துகொண்டார்கள். ஆண்டவர் அவர்கள் கேள்வியைத் தள்ளவில்லை. கண்ணுக்குத் தெரியாத மன்னிப்புக்குக் கண்ணுக்குத் தெரியும் சாட்சியாக அந்த மனிதனை எழுப்பிக் கட்டிலைச் சுமந்து நடக்கச் செய்தார்.

இதே நிகழ்ச்சியை மத்தேயு முடிக்கும் விதத்தைக் கவனித்தவர் சிலரே. மக்கள் கூட்டம் கடவுளைப் புகழ்ந்தது என்று மூவரும் எழுதுகிறார்கள். இத்தகைய அதிகாரத்தை “மனிதர்களுக்கு” அளித்த கடவுளைப் புகழ்ந்தார்கள் என்று மத்தேயு மட்டும் எழுதுகிறார். ஒருமை அன்று, பன்மை. அவர் எழுதிய காலத்திலேயே அந்த அதிகாரம் திருச்சபையில் செயற்பட்டு வந்ததை மனத்திற்கொண்டே இவ்வாறு எழுதினார் என்று விரிவுரையாளர் பலர் கருதுகின்றனர்.

அது எவ்வாறு மனிதர்களிடம் வந்தது? அருளப்பர் இருபதாம் அதிகாரத்தில் எழுதுகிறார். உயிர்த்த ஞாயிறு மாலை, கதவுகள் பூட்டியிருக்கின்றன, உள்ளே இருப்பவர்கள் மூன்று நாளுக்கு முன் தங்கள் ஆண்டவரை விட்டு ஓடியவர்கள். அவர்கள்மேல் அவர் ஊதுகிறார். ஆதியாகமத்தில் இறைவன் ஆதாமின் நாசியில் உயிர்மூச்சை ஊதியதைச் சொல்லப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எந்தச் சொல்லை ஆளுகிறதோ, அதே சொல்லை அருளப்பர் இங்கே ஆளுகிறார். பரிசுத்த ஆவியைக் கொடுத்து, பாவங்களை மன்னிக்கவும் மன்னியாது நிறுத்தி வைக்கவும் அதிகாரம் அளிக்கிறார். இது இருபுறமும் திறக்கும் அதிகாரம் என்பதை அன்பர் கவனிக்க வேண்டும். மன்னிப்பதா, நிறுத்துவதா என்று தெளிய வேண்டியவருக்கு, சொல்லாமல் எப்படித் தெரியும்? 1551-ஆம் ஆண்டு திரெந்துப் பொதுச்சங்கம் பாவங்களைச் சொல்ல வேண்டிய கடமைக்கு இதையே காரணமாகக் காட்டியது.

“கடவுள் மன்னிக்கட்டும், நாம் யார்?” என்று சொல்வது மிகுந்த பக்திபோல் தோன்றும். இந்தப் பக்தி ஒருமுறை திருச்சபையையே பிளந்தது. 250-ஆம் ஆண்டு தேசியுஸ் என்னும் ரோமைப் பேரரசன், குடிமக்கள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றுச் சீட்டுப் பெற வேண்டும் என்று கட்டளையிட்டான். இச்சீட்டுகள் 40-க்கும் மேற்பட்டவை எகிப்து மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் சிலர் வேதசாட்சிகளாக மரித்தார்கள். பலர் பலியிட்டார்கள். இன்னும் பலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். (மனித சாமர்த்தியம் அன்றும் குறைவில்லை.) கலாபம் ஓய்ந்ததும் இவர்கள் அழுதுகொண்டு கோயில் வாசலில் வந்து நின்றார்கள். என்ன செய்வது?

ரோமையில் நொவாசியான் என்ற குருவானவர் எழுந்தார். கல்விமான், ஒழுக்கத்தில் குறை சொல்ல முடியாதவர். விசுவாசத்தை மறுதலித்தவனைத் திருச்சபை மன்னிக்க முடியாது. அவன் சாகும்வரை தபசு செய்யட்டும், மன்னிப்பைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது இவரது கட்சி. திருத்தந்தை கொர்னேலியுஸும் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியானும் இதை ஏற்கவில்லை. சிப்ரியான் இளகிய மனத்தர் அல்லர்; தபசு செய்யாமலே உள்ளே வர முயன்றவர்களைக் கண்டிப்பாகத் தடுத்தவர். ஆயினும் 251-இல் ஆப்பிரிக்க ஆயர்களைக் கூட்டி, வீழ்ந்தவர் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து, தபசுக்குப் பின் ஏற்கலாம் என்று முடிவு செய்தார். அடுத்த கலாபம் நெருங்கியபோது, தபசில் நிலைத்திருந்த அனைவரையும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களைச் சமாதானமின்றிப் போர்க்களத்துக்கு அனுப்ப அந்த ஆயர்களுக்கு மனம் வரவில்லை. 258-இல் சிப்ரியானே தலை வெட்டுண்டு வேதசாட்சியானார்.

நொவாசியான் கூட்டத்தார் பல தலைமுறைகள் நீடித்தார்கள். நிசேயாப் பொதுச்சங்கத்தின்போது அவர்களுடைய ஆயர் ஒருவரின் கடுமையைக் கேட்ட கொன்ஸ்தாந்தீன் பேரரசன், ஓர் ஏணியை வைத்துக்கொண்டு நீர் ஒருவராகவே மோட்சத்துக்கு ஏறிப்போம் என்ற கருத்தில் பேசினானாம். சோக்கிரத்தேஸ் என்னும் பழைய சரித்திர ஆசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பின் மிலான் ஆயர் புனித அம்புரோஸ் அக்கூட்டத்தாரிடம் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. மனிதரால் பாவம் மன்னிக்கப்படாது என்றால், நீங்கள் ஏன் ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள்? அங்கேயும் மனிதன் கைதானே தண்ணீர் வார்க்கிறது, அங்கேயும் எல்லாப் பாவமும்தானே நீங்குகிறது? நம் அன்பர் தம் மகளைக் குழந்தையாக ஞானஸ்நானத் தொட்டிக்குத் தூக்கிச் சென்றபோது, அந்தக் குருவானவரின் குணாதிசயத்தை விசாரித்தாரா? விசாரித்திருக்க மாட்டார்.

அடுத்து வந்த நூற்றாண்டுகளில் முறை பலவாறு மாறியது. பழைய நாளில் பெரும் பாவங்களுக்கு வெளிப்படையான தபசு, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. தனித்துச் சொல்லி, மீண்டும் மீண்டும் மன்னிப்புப் பெறும் வழக்கத்தை ஐரோப்பாவெங்கும் பரப்பியவர்கள் ஐரிஷ் துறவியர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் சொல்ல வேண்டும் என்பது 1215-ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரான் சங்கத்தின் கட்டளை. கேட்ட பாவத்தை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி, ஆயுள் முழுதும் கடுந்தபசு செய்ய மடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதே கட்டளையில் உண்டு. 1973-இல் வெளியான புதிய சடங்குமுறை மன்னிப்பு மன்றாட்டை விரிவாக்கியது. அதில் குரு முதலில் பிதாவின் இரக்கத்தையும் சுதனின் மரணத்தையும் உயிர்ப்பையும் ஆவியானவரின் வருகையையும் நினைவுகூர்ந்து, திருச்சபையின் ஊழியத்தின் வழியாக மன்னிப்பை வேண்டுகிறார். அதன் பின்னரே மூவொரு கடவுளின் பெயரால் மன்னிக்கிறார். தம் பெயரால் அன்று.

இனி, சுவாமியாரின் கோபத்துக்கு வருவோம். அதை நாம் மறுக்கப் போவதில்லை. நாமும் ஒருமுறை அகப்பட்டவர்களே. இளமையில் ஒரு குருவானவர் பின்னால் நின்றவர்கள் காதில் விழும்படி நம்மைக் கடிந்துகொண்டார். அவமானத்தால் ஒன்பது மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் செய்தது தவறு என்றே இன்றும் எண்ணுகிறோம். ஆனால் அன்று அவர் கொடுத்த மன்னிப்பு செல்லுபடியாகாமற்போயிற்றா? ஆப்பிரிக்காவில் தொனாத்துஸ் கட்சியார், தகுதியற்ற குருவின் கையால் பெற்ற அருட்சாதனம் வெறுமை என்று வாதித்தபோது, அதைக் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று புனித அகுஸ்தினார் ஆண்டுக்கணக்கில் மறுத்து வந்தார். குருவின் புனிதத்தைப் பொறுத்ததாக மன்னிப்பு இருந்திருந்தால், எந்தக் கிறிஸ்தவனும் ஓர் இரவுகூட நிம்மதியாக உறங்கியிருக்க முடியாது.

குருவானவர்களும் தம்மைத்தாமே மன்னித்துக்கொள்ள முடியாது என்பதைப் பலர் நினைப்பதில்லை. நம் பங்குத் தந்தையும் இன்னொரு குருவின் முன் முழந்தாளிட வேண்டும், ஆயரும் அப்படியே. 2014 மார்ச் 28-ஆம் நாள் புனித இராயப்பர் பேராலயத்தில், பிறர் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த திருத்தந்தை பிரான்சிஸ், அதற்குமுன் தாமே வேறொரு குருவின் முன் முழந்தாளிட்டுத் தம் பாவங்களைச் சொன்னார். அந்தப் புகைப்படத்தை அன்பர் பார்த்திருக்கக்கூடும்.

இரவு செபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது வீண் என்று நாம் சொல்லவில்லை. கடவுளை நேசிப்பதால் எழும் உத்தம மனஸ்தாபம், முடிந்த விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு சேர்ந்தால், சாவான பாவத்துக்கும் மன்னிப்புப் பெற்றுத் தரும் என்பது திருச்சபையின் போதனை. ஆனால் அன்பரிடம் ஒன்று கேட்கிறோம்; கோபிக்க வேண்டாம். இரவுதோறும் நேரே சொல்லித் தீர்ந்துவிட்டதென்றால், ஞாயிறுதோறும் தூணருகே ஏன் நிற்கிறீர்கள்? தீரவில்லை என்று உங்கள் கால்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் மன்னிப்பை நாமே நம்புவதில்லை. வெளியிலிருந்து, ஒரு மனிதக் குரலில், நம் காதில் அது விழ வேண்டியிருக்கிறது. அந்தத் திமிர்வாதக்காரனும் காதால்தான் கேட்டான்.

நடைமுறைக்கு வருவோம். சொந்தப் பங்கின் குருவிடமே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்பர் வேலை செய்யும் நகரில் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே ஒரு கோயில் உண்டென்று அவரே எழுதியிருக்கிறார். சனிக்கிழமை மாலையில் அங்கே போகலாம். முகம் காட்டக் கூச்சமானால் கம்பித் தடுப்புக்குப் பின்னால் முழந்தாளிடலாம். அது அவருக்குச் சட்டம் தந்த உரிமை. “பதினொரு ஆண்டாயிற்று” என்பதை முதலில் சொல்லிவிடட்டும், மற்றது எளிதாகும். மனஸ்தாப மந்திரம் மறந்துபோயிருந்தால் அதையும் சொல்லலாம். குருவானவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுப்பார். கோபக்காரர் என்று அவர் எழுதிய சுவாமியாரும் பதினொரு ஆண்டு கழித்து வரும் ஒருவரிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதை அவர் இன்னும் பார்த்ததில்லை; அதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

மகளின் கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாராக.