'யூ' என்றால் எத்தனை பேர்?

லண்டனில் நான் கோப்பை கழுவிய முதலாவது ரெஸ்ரோறன்ரில், ஒரு ஞாயிறு இரவு முதலாளி குசினிக்குள் தலையை நீட்டி "யூ கேன் கோ" என்றார். நின்றது மூன்று பேர். மூன்று பேரும் போனோம். அவர் சொன்னது எனக்கு மட்டுமாம். மற்ற இருவருக்கும் அன்றைய சம்பளம் இல்லை. எந்த அகராதியைக் காட்டி வாதாடுவது?

ஆங்கிலத்துக்குப் புதிய பன்மைப் பிரதிப்பெயர்கள் வேண்டும் என்று யாராவது சொன்னால் எங்கள் படித்த மனிதர்கள் சிரிக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் மொழியில் கைவைப்பதா? ஐயா, ஷேக்ஸ்பியரிடம் ஒருமைக்குத் 'தௌ' இருந்தது. மரியாதைக்காகச் சொல்லிச் சொல்லியே 'யூ' அதைத் தின்றுவிட்டது. பழைய ஆங்கிலத்தில் 'நாம் இருவர்' என்பதற்கே 'விட்' என்றொரு தனிச்சொல் இருந்தது. 'தே' ஸ்கண்டிநேவியரிடமிருந்து வந்தது. இதில் எங்கே புனிதம்?

தொலைந்ததை மீண்டும் செய்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். அயர்லாந்திலும் கிளாஸ்கோவிலும் 'யூஸ்'. அமெரிக்காவின் தெற்கில் 'யோல்'. 19ஆம் நூற்றாண்டில் குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்கும் சமோவாவின் தென்னந்தோட்டங்களுக்கும் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட மெலனேசியர்கள் வெள்ளைக்காரனின் சொற்களை உடைத்துப் புதிய பேச்சொன்றை உண்டாக்கினார்கள். அதில் பிறந்ததே இன்று பப்புவா நியூகினியில் பேசப்படும் டோக் பிசின். கேட்பவனையும் சேர்த்தால் அங்கே 'யூமி', சேர்க்காவிட்டால் 'மிபெலா'. எங்கள் நாம், நாங்கள் என்ற அதே பிரிவு.

(அதில் எங்களுக்குப் பெருமை அதிகம். ஆனால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'நாம்' எங்கே இருக்கிறது? வீட்டில் எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். நாம் மேடைக்கு.)

முதலாளிக்கு ஒரே ஒரு 'வீ' போதும். "இந்தக் கிறிஸ்மஸுக்கு வீ நல்லாய் உழைச்சிட்டம்" என்பார். அதில் நான் இல்லை. "வீ இண்டைக்கு வடிகால் கிளீன் பண்ணவேணும்" என்பார். அதில் அவர் இல்லை. இரண்டு சொல் இருந்திருந்தால் வாயைத் திறக்கும்போதே பிடிபட்டிருப்பார். சொல் தெளிவில்லாமல் இருப்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி நட்டமில்லை.

கிளாஸ்கோவில் வளரும் என் அக்காவின் மகன் கூட்டாளிகளை 'யூஸ்' என்று கூப்பிடுகிறான். அத்தான் அவனைத் திருத்துகிறார்: "அது குசினிக்காரற்றை இங்கிலிஷ், பேசாதை."

உண்மைதான் அத்தான். அன்றிரவு எங்கள் குசினியில் அது இல்லாமல்தான் இரண்டு பேரின் சம்பளம் போனது.