பூனைக்குட்டிக்குப் பால் ஊத்துறத நிறுத்துங்க

"ஊர்ல பூனையெல்லாம் பாலும் சோறும் தின்னுதானே வளருது?" பூனைக்குட்டி எடுத்து வளர்க்கிற பட்டணத்துச் சொந்தக்காரங்க எல்லாரும் என்கிட்ட சொல்ற வசனம் இது. ஊரையே சாட்சிக்கு இழுக்கிறதால, ஊர்க்காரன் நான் பதில் சொல்லித்தான் ஆகணும்.

ஊர்ப் பூனை சோறு தின்று வளரவில்லைங்க. நாம் வைக்கிற மோர்ச்சோறு அதுக்கு நொறுக்குத் தீனி மாதிரி. சாப்பாடு வைக்கோல் போருக்கு அடியில இருக்கு. எலி, ஓணான், வெட்டுக்கிளி, குருவி. குட்டி கொஞ்சம் வளர்ந்ததும் தாய்ப்பூனை எலியைக் கவ்விட்டு வந்து முன்னால போடும். அதை யாரும் கவனிக்கிறதில்ல, தட்டை நக்குறதை மட்டும் பார்த்துட்டு "சோறு தின்னுது"ன்னு சொல்லிடறோம்.

உங்க மூணாவது மாடி வீட்டுல வைக்கோல் போர் ஏது? நீங்க தட்டுல வைக்கிறது மட்டும்தான் அதுக்குச் சாப்பாடு. அங்கே தயிர்சாதம் மட்டும் இருந்தால், அது வயிறு நிறைந்த பட்டினி. அப்புறம், "ஊர்ல வளருதே" என்பவர்கள், வளராமல் செத்துப்போன குட்டிகளை எண்ணுவதே இல்லை.

நான் மாடு வச்சிருக்கிறவன். பாலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சொல்றேன், மாட்டுப்பால் கன்னுக்குட்டிக்கு உண்டானது. பூனையின் பாலில் புரதமும் கொழுப்பும் அதைவிட அதிகம். மாட்டுப்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காது, கழிச்சல் வரும். கையளவு உடம்பில் நீர் வற்ற எவ்வளவு நேரம் ஆகும்? "தண்ணி கலந்துதான் கொடுக்கிறேன்" என்று சமாதானம் வேற. இருக்கிற சத்தும் அதில் குறைஞ்சு போகும்.

பூனை இறைச்சி தின்னும் பிராணி. டாரின் என்றொரு சத்தை அதன் உடம்பால் போதுமான அளவு தயாரிக்க முடியாது, இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் கிடைக்கணும். கிடைக்காவிட்டால் பார்வை கெடும், இதயம் பலவீனமாகும். டாரின் குறைவால் பூனைக்கு இதயநோய் வருவதை 1987-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் தீவனக் கம்பெனிகள் அதன் அளவைக் கூட்டின.

சரி, என்னதான் கொடுக்கிறது? முதல் நாலு வாரம் தாய்ப்பால்தான். தாய் இல்லாத குட்டிக்கு, கால்நடை மருத்துவரிடம் கேட்டு, பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்துக் கொடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டாதீர்கள், புரை ஏறிவிடும். நாலு வாரத்துக்குமேல் கூழாக மசித்த உணவைப் பழக்கலாம். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பதே நல்லது.

பிறகு குட்டிப்பூனைக்கான தீவனம், அதோடு வேகவைத்த கோழிக்கறி, முள் எடுத்த மீன், அவித்த முட்டை. வயிறு சின்னது, அதனால் ஒரு நாளைக்கு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் கறி மட்டும் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து குறையும். எலியை எலும்போடு தின்கிற பிராணி அது. குழம்பு மீனைக் கழுவிப் போடுவதும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். நாய்த் தீவனமும் ஆகாது. பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

"எங்க வீட்டுல கறி, மீன் சேர்க்கிறதில்லையே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் விரதம் உங்களோடு இருக்கட்டும், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த விரதத்தை எடுத்துக்கொண்டது நீங்கள்தான், பூனை இல்லை. சமைக்க மனசு வராவிட்டால் தீவனப் பாக்கெட்டையாவது பிரித்துக் கொட்டுங்கள். அதுவும் முடியாதென்றால் முயல் வளருங்கள், புல்லைத் தின்று சந்தோஷமாக இருக்கும்.