தப்பு செய்தாலும் தப்பாத விடை!



கழித்தல் கணக்கில் ஒரு இலக்கம் தவறினால் முழுக் கணக்குமே தப்பு என்று பயப்படுகிறீர்களா? இந்த விளையாட்டை ஆடிப் பாருங்கள்.

1962 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதினால் 9621. ஏறு வரிசையில் 1269. கழித்தால் 8352. மறுபடியும் அதேபோல, 8532 - 2358 = 6174. இன்னொரு முறை, 7641 - 1467 = 6174. இனி மாறவே மாறாது!

நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிகளுக்குள் 6174-க்கு வந்துவிடும். (நடுவில் மூன்றிலக்க விடை வந்தால் முன்னால் 0 சேர்த்துக்கொள்ளுங்கள்.) 1949-ல் இதைக் கண்டுபிடித்தவர் கப்ரேகர். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற ஆண்டுதான் 1962!

வீட்டுப்பாடமாக இருபது கழித்தல் கணக்கு கொடுப்பதைவிட இந்த ஒன்றைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. நடுவில் ஒரு படி தவறினாலும், அடுத்த படிகளைச் சரியாகச் செய்தால் 6174 வந்துவிடும். தவறிய படியைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டுங்கள். 9-ன் மடங்கு வர வேண்டும். 8+3+5+2=18. வராவிட்டால் அந்தப் படியில் தப்பு இருக்கிறது.

நீங்கள் பிறந்த ஆண்டை வைத்து இன்றே தொடங்குங்கள். தப்பு வந்தால் ரப்பர் போட்டு அழிக்க வேண்டாம். அதுவும் நோட்டில் இருக்கட்டும்!