கொக்குக்கு முன்னே கொம்பு

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நான் பத்திரிகையும் கையுமாக ஊஞ்சலில் உட்கார்ந்திருக்க, ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் என் பேத்தி பக்கத்தில் சம்மணமிட்டுக் கைப்பேசியில் ஓர் இலவச எழுத்து விளையாட்டைத் திறந்துவைத்து, ‘அணில்’, ‘ஆடு’, ‘இலை’ என்று தங்குதடையின்றிச் சொல்லிக்கொண்டு போன சாமர்த்தியத்தைக் கண்டு பூரித்துத்தான் போனேன். சற்றே சந்தேகம் தட்டவும், படத்தைக் கட்டைவிரலால் மறைத்து, “இது என்ன?” என்றேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. என் விரலை நகர்த்தப் பார்த்தாள். அதுவரை அவள் வாசித்துக்கொண்டிருந்தது ஆட்டை.

கரடி ஆடுவதும் நட்சத்திரம் கொட்டுவதுமாகக் கண்ணைப் பறிக்கும் இவ்வகை விளையாட்டுகளில் அட்சரம் ஒரு மூலையில் அநாதையாக நிற்கிறது. மூன்றாம் படியில் பூட்டுப் போட்டுப் பணம் கேட்கும் ‘இலவசங்களை’ப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை.

சிரத்தையோடு உழைத்தவர்களும் உண்டு. பின்லாந்து தேசத்து யுவாஸ்கிலா சர்வகலாசாலையில் ஹெய்க்கி லூத்தினென் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும், வாசிப்புக் குறைபாடு குடும்பவழியில் தொடரக்கூடிய குழந்தைகளும் மற்றக் குழந்தைகளுமாகச் சுமார் 200 பேரைப் பிறந்தது முதல் வருஷக்கணக்காகக் கவனித்துவந்து, அந்த ஆராய்ச்சியின் பலனாக ‘எகாபெலி’, அதாவது ‘முதல் விளையாட்டு’, என்ற ஒன்றை உண்டாக்கினார்கள். அதில் ஆடம்பரம் சொற்பம். காதில் ஓர் ஒலி கேட்கும். மேலிருந்து சில எழுத்துகள் மெல்ல இறங்கிவரும். ஒலிக்குரிய எழுத்தைக் குழந்தை தொட வேண்டும். எந்த எழுத்தில் தடுமாற்றமோ அதையே, தெரிந்த எழுத்துகளோடு கலந்து மனம் சோராதபடி மறுபடி மறுபடி கொண்டுவந்து நிறுத்தும் அந்த யந்திரம், நூறு தரம் பிசகினாலும் முகம் சுளிப்பதில்லை. பக்கத்துப் பையனும் சிரிப்பதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிரம்பின் கதைகளைக் கேட்டே வளர்ந்தவனாகிய எனக்கு இந்தப் பொறுமை ஒன்றே பெரிய வரப்பிரசாதமாகப் படுகிறது.

ஆனால் பின்னிய மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற சுமுகமான உறவு. ஆங்கிலத்தில் அந்த ஒழுங்கு இல்லாமையால், கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் இதே விளையாட்டைத் தங்கள் மொழிக்கு மாற்றியபோது, ‘கேட்’, ‘ஹேட்’, ‘மேட்’ என்று ஈற்றொலி ஒத்த சொற்களைக் கொத்தாகக் கட்டிக் கற்பிக்க வழி செய்தார்கள். கூகுள் நிறுவனம் 2019-இல் இந்தியாவில் முதலில் ‘போலோ’ என்ற பெயரில் வெளியிட்டு, பின்னர் தமிழுக்கும் கொண்டுவந்த செயலியில், ‘தியா’ என்னும் பதுமை குழந்தை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டுத் திருத்துகிறது. எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு அது நல்ல அப்பியாசம்.

கூட்டத் தெரியாத பிள்ளைக்கோ தமிழின் சங்கடம் தனி ரகம். படமில்லாமல் பலகையில் ‘கொக்கு’ என்று எழுதிக் காட்டினேன். ஒற்றைக்கொம்பின் மேல் விரலை வைத்தாள்.

“இதுதானே தாத்தா முன்னாடி இருக்கு? இதைத்தானே முதல்ல சொல்லணும்?”

“எழுதறதுதாம்மா முன்னாடி. சொல்றது ‘க்’குக்கு அப்புறம்.”

“அப்போ ஏன் முன்னாடி எழுதறாங்க?”

இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் அரிச்சுவடி பார்த்து ஒப்பித்தவனுக்கு இதற்கு விடை தெரியவில்லை. நடுவில் ‘க்’ நிற்க, இடப்பக்கமிருந்து கொம்பும் வலப்பக்கமிருந்து துணைக்காலும் ஓடிவந்து சேர்ந்த கணத்தில் ‘கொ’ என்று ஒலிக்கும்படி யாரேனும் ஒரு விளையாட்டு செய்து கொடுத்தால், கரடியின் நாட்டியத்தை நான் மன்னித்துவிடுவேன்.

அன்று மாலை அலமாரியைக் குடைந்து என் பழைய பாடப்புத்தகத்தை எடுத்து வந்தாள். 1978-இல் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன் அச்சான புத்தகமாகையால், ணை, லை, ளை, னை நான்கும் அதில் துதிக்கையைத் தூக்கியபடியே நிற்கின்றன; அந்த வடிவத்தை இங்கே அச்சிட்டுக் காட்ட வழியில்லை. ‘யானை’ என்ற சொல்லில் நின்றுபோனவள், “இந்த எழுத்துக்குத் தும்பிக்கை இருக்கு தாத்தா!” என்று கூவி, அதைப் பார்த்தபடியே கைப்பேசித் திரையில் விரலால் நீளமாக ஒரு தும்பிக்கை வரைந்தாள். யந்திரம் அதை வேறெதற்கோ உத்தரவென்று எடுத்துக்கொண்டு, பலூன் உடைக்கும் விளையாட்டுக்குத் தாவியது.