சப்பரம் சுமக்கும் தோளுக்குக் கணக்கேடு கனமா?

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும். மரியாவின் பிறப்பு விழாவான செப்டம்பர் 8 வரை, தாராவி, செம்பூர், விக்ரோலி என மும்பையில் தமிழ்க் கத்தோலிக்கர் வாழும் இடங்களிலெல்லாம் நவநாள் பேச்சே மேலோங்கியிருக்கும். அதையொட்டிய ஞாயிறு தொடங்கிப் பாந்த்ரா மலைமாதா கோவிலின் ஒருவார விழா. அக்டோபர் முதல் ஞாயிறன்று கிழக்கிந்தியக் கத்தோலிக்கரின் அகேரா அறுவடை விழா. பின்னர் கிறிஸ்து பிறப்பு. சனவரியில் பொங்கல் திருப்பலி. இந்த ஆண்டுச் சுழற்சியைப் பற்றி நிறைய நிழற்படங்களும் சில ஆய்வுக் கட்டுரைகளும் வெளிவரும். அவற்றில் 'பக்தி' என்னும் சொல் தவறாமல் இருக்கும். 'கணக்கு' என்னும் சொல் பெரும்பாலும் இராது. இப்பதிவு அந்த இல்லாமையைப் பற்றியது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவிழாவை நடத்தும் பொதுநிலையினர் செய்வது, பொதுச் சொத்தைப் பொறுப்பேற்று நடத்தும் நிர்வாகப் பணி. அதற்குப் 'பக்தி' என்று மட்டுமே பெயர் சூட்டுவதால் அவர்கள் பங்கின் ஆட்சிக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். நிர்வாகம் என்று அழைத்தால் உரிமை கேட்பார்கள். பக்தி என்று அழைத்தால் ஆசி போதும். இப்பெயர்சூட்டலில் திருச்சபை நிறுவனத்துக்கு உள்ள பங்கு தெரிந்ததே. ஆய்வாளர்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு என்பதே என் குற்றச்சாட்டு.

சொல்லிலிருந்து தொடங்குவோம். இன்று பங்குகளில் பெரிதும் பேசப்படும் 'பொறுப்பாண்மை' என்னும் கருத்துக்குத் தமிழ்க் கிறிஸ்தவம் முன்பே ஒரு சொல்லை வைத்திருந்தது. பழைய சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்பில் லூக்கா 16ஆம் அதிகாரத்தில் வருபவன் 'உக்கிராணக்காரன்'. உக்கிராணம் என்பது கோவில்களிலும் கலியாண வீடுகளிலும் பண்டங்கள் சேர்த்து வைக்கும் அறை. அரிசி எத்தனை மூட்டை வந்தது, எத்தனை படி அளந்து கொடுக்கப்பட்டது என்பதற்கு விடை சொல்ல வேண்டியவனே உக்கிராணக்காரன். அவ்வுவமையில் தலைவர் முதலில் கேட்பதும் கணக்கைத்தான், காணிக்கையை அன்று. கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் 'வீட்டுப் பொறுப்பாளர்' தெளிவான சொல்தான் எனினும், அதில் உக்கிராண அறையின் அளவுப்படி ஓசை கேட்பதில்லை.

அவ்வோசை மங்கியது மொழிபெயர்ப்பால் மட்டும் அன்று. 1992இல் அமெரிக்க ஆயர்கள் பொறுப்பாண்மை குறித்து ஒரு மேய்ப்புப்பணி மடல் வெளியிட்டனர். சீடராக வாழ்வதன் ஒரு முகமாகவே அது பொறுப்பாண்மையைக் கண்டது. ஆனால் காலம், திறமை, பொருள் என்னும் முப்பிரிவு வாய்பாடாக உலகெங்கும் ஆங்கிலம் பேசும் பங்குகளுக்குள் நுழைந்தபோது, அதில் எஞ்சியது ஒருவழிப் பாதை. மக்கள் காலத்தைக் கொடுக்க வேண்டும். திறமையைக் கொடுக்க வேண்டும். பொருளைக் கொடுக்க வேண்டும். திரும்பி வர வேண்டியது என்ன என்ற வினாவுக்கு அவ்வாய்பாட்டில் இடமில்லை. பொறுப்பாளர் என்ற பட்டம் மக்களுக்கு. கணக்கு கேட்கும் தலைவரின் இருக்கை வேறொருவருக்கு. உவமையைத் தலைகீழாக்கினால்தான் இப்படி ஒரு போதனை பிறக்கும்.

இது கலகக்காரரின் கோரிக்கை அன்று. திருச்சபையே எழுதி வைத்த சட்டம். 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது (537). குறிப்பிட்ட நோக்கத்துக்காக நம்பிக்கையாளர் அளித்த காணிக்கையை அந்நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது (1267). மக்கள் அளித்த பொருள் குறித்து, தலச்சட்ட விதிகளின்படி, மக்களுக்கே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது (1287). நாட்டுச் சட்டமும் இதற்கு எதிரானது அன்று. 1950இன் பம்பாய்ப் பொது அறக்கட்டளைகள் சட்டம், இன்றைய பெயரில் மகாராட்டிரப் பொது அறக்கட்டளைகள் சட்டம், கணக்கு வைத்தலையும் தணிக்கையையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அறக்கட்டளை ஆணையருக்குக் கணக்கு போய்ச் சேர்வதும், சப்பரம் சுமந்தவருக்குக் கணக்கு புரிவதும் ஒன்றல்ல. செபமாலை தமிழில், மறையுரை தமிழில், நன்கொடை அறிவிப்பு தமிழில், வரவு செலவு மட்டும் ஆங்கிலத்தில் என்றால், அங்கே தாய்மொழி வழிபாடு என்பது கொடுப்பதற்கான மொழியாகச் சுருங்கிவிடுகிறது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வாயில் திறந்தது, மக்கள் முழுமையாக, உணர்ந்து, செயலூக்கத்துடன் பங்கேற்க வேண்டும் என்பதற்காக. அப்பங்கேற்பு பீடத்தின் படியோடு முடிந்துவிட வேண்டுமா?

திருவிழாக் குழு ஒன்றின் வேலையை எண்ணிப் பாருங்கள். கொடிமரம், பந்தல், ஒலிபெருக்கி, காவல்துறை அனுமதி, மாநகராட்சி அனுமதி; ஒவ்வொரு நாள் உபயத்தையும் எந்த அன்பியம் ஏற்பது என்ற பங்கீடு; ரசீதுப் புத்தகம்; கடைசி நாள் அசனத்துக்கு அரிசி, பருப்பு, விறகு அல்லது எரிவாயு; எஞ்சிய தொகை அடுத்த ஆண்டுக்கா, கல்வி உதவிக்கா என்ற வாக்குவாதம். எளிய கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் உழைப்பவர்கள், மழை ஓயாத மாதத்தில், வேலை நேரத்துக்குப் பின் இதைச் செய்து முடிக்கிறார்கள். பெண்களின் உழைப்பு இதில் பெரும்பகுதி. குழுப் பட்டியலில் அவர்தம் பெயர் சிறுபகுதி. ஒரு சிற்றூராட்சியை நடத்தப் போதுமான திறமை இங்கே இருக்கிறது. ஆயினும் கொடி இறங்கியதும் அத்திறமை செல்லாக்காசாகிவிடுகிறது. பங்குப் பேரவையில் அவர்களுக்குக் கிடைப்பது, சட்டத்தின் மொழியிலேயே, ஆலோசனைக் குரல் மட்டும் (536).

இனி நம்மவர் பக்கம் வருகிறேன். 1948 செப்டம்பர் 8 அன்று மாகிம் புனித மிக்கேல் ஆலயத்தில் தொடங்கிய புதன்கிழமை நவநாளைப் பற்றி எழுதுவோர், அங்கு வரும் இந்துக்களையும் முஸ்லிம்களையும் எண்ணி 'சமய ஒருங்கிணைவு' என்று முடித்துவிடுகின்றனர். வேளாங்கண்ணி நவநாளை எழுதுவோர் புடவை சாத்துதல், மொட்டை, நேர்ச்சை ஆகியவற்றை அடுக்கி 'நாட்டார் சமயம்' என்கின்றனர். புலம்பெயர் தமிழரை எழுதுவோர் 'அடையாளம்' என்கின்றனர். மூன்றும் பொய்யல்ல. மூன்றும் உண்டியலுக்கு முன்னால் நின்றுவிடுகின்றன.

நமக்கு இது தெரியாததும் அல்ல. தமிழகத்தைப் பற்றி எழுதும்போது திருவிழா என்பது அதிகாரத்தின் களம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறோம். தூத்துக்குடிப் பனிமய மாதாவின் தங்கத் தேர் 1806இல் ஓடியபோது, அதைச் செய்வித்த பரதவர் சாதித்தலைவரின் ஆட்சியும் அதனுடன் ஓடியது. இராமநாதபுரச் சீமையின் ஊர் ஒன்றைப் பல்லாண்டு ஆய்ந்த டேவிட் மோஸ், 2012இல் வெளியான தம் நூலில், புனிதரின் விழா மரியாதைகள் ஊரின் சாதி அடுக்கை எவ்வாறு தாங்கின என்றும், அவை எவ்வாறு எதிர்க்கப்பட்டன என்றும் காட்டினார். அந்த ஆய்வுக் கண்ணை விக்ரோலிக்கு வரும்போது ஏன் மூடிக்கொள்கிறோம்? இங்கே சாதித்தலைவர் இல்லை என்பதாலா? சாவியும் ஏடும் யாரோ ஒருவரிடம் இருக்கத்தானே செய்கின்றன. 1896இன் கொள்ளைநோய்க்குப் பின் கிழக்கிந்தியர் தம் ஊர்த்தெருக்களில் நட்ட சிலுவைகளை, ஆயரின் ஆணைக்குக் காத்திராமல், தெருவாசிகளே வெள்ளையடித்து, விளக்கேற்றிக் காத்து வந்தனர். அதையும் நாம் 'பக்தி மரபு' என்றே குறித்தோம். நூறாண்டுக்கு மேலாக ஒரு பொதுச் சொத்தைப் பராமரித்தவர்களுக்கு நாம் தந்த பெயர் பக்தர்கள்.

பருவகாலங்களைப் பற்றிய பேச்சிலும் இதே பிளவு உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சீ' திருமடலை வெளியிட்டு, செப்டம்பர் 1ஐப் படைப்பைப் பேணுவதற்கான இறைவேண்டல் நாளாகவும் அறிவித்தார். அன்று தொடங்கி அக்டோபர் 4 வரை 'படைப்பின் காலம்' கொண்டாடப்படுகிறது. அதன் முதல் வாரம் வேளாங்கண்ணி நவநாளுக்குள்ளேயே விழுகிறது. ஒரே வாரத்தில் ஒன்று பொறுப்பாண்மை எனவும் மற்றொன்று பக்தி எனவும் வகைபிரிக்கப்படுகிறது. முன்னதற்குக் கருத்தரங்கு, பின்னதற்குக் கூட்டம். ஆனால் விக்ரோலியின் உண்மையான பருவம் மழை. 2021 ஜூலை 18 அதிகாலையில் விக்ரோலி சூர்யாநகரின் குன்றுச்சரிவில் மண் சரிந்து குடிசைகள்மேல் விழுந்தது. அதே இரவில் செம்பூரை அடுத்த மாகுல் பாரத்நகரில் சுவர் இடிந்தது. இரு இடங்களிலும் உயிர்கள் போயின. எந்தச் சந்தில் எந்த வீட்டில் நடக்கவியலாத முதியவர் இருக்கிறார் என்பது நவநாள் உபயத்துக்காக வீடுவீடாகச் சென்றவர்களுக்குத்தான் தெரியும். படைப்பைப் பேணுவது இவர்களைத் தவிர்த்து நடக்குமானால், அது மரக்கன்று நட்டுப் படமெடுப்பதோடு முடியும். நெல்வயல் இல்லாத நகரில் அகேராவுக்குக் கதிரும் பொங்கலுக்குக் கரும்பும் வாங்கி வந்து படைக்கிறோம். அது தவறன்று, நன்றி சொல்வதற்கு நிலம் வேண்டியதில்லை. ஆனால் பகிர்வதற்குக் கணக்கு வேண்டும்.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதலாவது, திருவிழா வீண்செலவு, மின்விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் காசைக் கரியாக்குகிறார்கள் என்பது. இருக்கலாம். அதைத் தீர்மானிக்க ஏடு திறந்திருக்க வேண்டும். ஒரு பந்தலின் செலவைக் குறைகூறுவோர், ஒரு கட்டடத்தின் செலவையும் அதே மூச்சில் கேட்கட்டும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. பொதுநிலையினரிடம் விட்டால் சாதி கோலோச்சும் என்பது. எறையூரில் 2008 மார்ச்சில் நடந்ததை மறந்துவிட்டு எவரும் இதைப் பற்றி எழுதக் கூடாது. தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கரின் வீடுகள் சக கத்தோலிக்கராலேயே தாக்கப்பட்டன. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். தேர் எத்தெருவில் போகும், சவம் எப்பாதையில் போகும் என்பதே அங்கே வழக்கு. ஆகவே 'மக்கள்' என்ற சொல்லை நான் வெண்மையாகப் பயன்படுத்தவில்லை. மூடிய ஏடு குருவின் கையில் இருந்தாலும் ஊர்ப்பெரியவரின் கையில் இருந்தாலும் மூடிய ஏடே. சாதிக்கு எதிரான மருந்து குருவின் தனியாட்சி அன்று; யார் கொடுத்தார், யாருக்குச் செலவாயிற்று, யார் முடிவெடுத்தார் என்பது அனைவர் முன்னும் வாசிக்கப்படுவதே. திறந்த ஏட்டில் மறைக்க முடியாதவற்றுள் சாதியும் ஒன்று.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. ஒவ்வொரு திருவிழாவின் வரவு செலவும் கொடியிறக்கத்துக்குப் பின் ஒரு மாதத்துக்குள் அவ்விழாவின் மொழியிலேயே வாசிக்கப்படட்டும். பங்கின் ஆண்டுக் கணக்கும் அங்கே திருப்பலி நடக்கும் எல்லா மொழிகளிலும் ஒட்டப்படட்டும். நிதிக்குழுவில் ஒவ்வொரு மொழிச் சமூகமும் இடம் பெறட்டும். அதில் பெண்கள் பெயரளவில் இல்லாதிருக்கட்டும். ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை களத்துக்குச் செல்லும்போது கொடியைப் படமெடுங்கள், பிறகு ரசீதுப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் மறுக்கப்பட்டாலும் உங்கள் ஆய்வேட்டுக்கு ஓர் இயல் கிடைக்கும்.

மாறுபடுவோர் மறுத்து எழுதுக. திருவிழாவை நடத்தத் தகுதியுள்ளவர்கள் பங்கை நடத்தத் தகுதியற்றவர்களாவது எப்படி என்பதை மட்டும் விளக்கிவிட்டு எழுதுக.