கணக்கு யார் கையில்?

அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்திலே சட்டார்ஷியா என்றொரு சிற்றூர். 2020 பிப்ரவரி 22 அன்று மாலை, அவ்வூருக்கு ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலே மண்ணுக்கடியில் கிடந்த 24 அங்குலக் குழாய் வெடித்தது. உள்ளே ஓடியது எண்ணெயல்ல, கரியமிலவாயு! எண்ணெய் வயலின் கடைசிச் சொட்டையும் வெளிக்கொணர, அழுத்தி அழுத்தித் திரவம்போல் ஆக்கப்பட்ட வாயு.

வெண்மேகம் தரையோடு தவழ்ந்து ஊருக்குள் நுழைந்தது. மக்கள் மூச்சுத் திணறினர். சிலர் நினைவிழந்து வீழ்ந்தனர். தப்பி ஓடக் காரை எடுத்தால், கார்களும் வழியிலே நின்றுபோயின. எஞ்சினுக்கும் பிராணவாயு வேண்டுமே! ஏறத்தாழ 200 பேர் வெளியேற்றப்பட்டனர். 45 பேர் மருத்துவமனையை நாடினர். உயிர்ச்சேதம் இல்லை என்பதொன்றே ஆறுதல்.

"நாம் விடும் மூச்சிலே இருக்கும் வாயுதானே, சோடா புட்டியில் அடைக்கும் வாயுதானே, இதிலென்ன ஆபத்து?" என்று கேட்கத் தோன்றும். ஆபத்து அளவிலே இருக்கிறது, தோழர்களே! நாம் சுவாசிக்கும் காற்றிலே இவ்வாயு நூற்றுக்கு 0.04 பங்கு. எட்டு மணி நேரம் உழைக்கும் தொழிலாளிக்கு அமெரிக்காவில் அனுமதித்த அளவு 0.5 பங்கு. 4 பங்கை எட்டினால் உயிருக்கே ஆபத்து என்கிறது அந்நாட்டுத் தொழிற்காப்பு நூல். 10 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களிலே நினைவு போகும்.

இவ்வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பள்ளம் தேடித் தண்ணீர்போல் ஓடித் தேங்கும். 1986 ஆகஸ்ட் 21 இரவு, ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டிலே நியோஸ் ஏரியிலிருந்து பொங்கிய இதே வாயு, பள்ளத்தாக்குகளிலே வாழ்ந்த ஏறத்தாழ 1,700 பேரைக் கொன்றது!

இப்படிப்பட்ட வாயு கசிந்தால் என்னாகும் என்பதைக் கணினியிலே ஒத்திகை பார்க்கிறார்கள். குழாயின் அகலம், அழுத்தம், துளையின் அளவு, காற்றின் வேகம் ஆகியவற்றைக் கொடுத்தால், வாயு எவ்வளவு தூரம் பரவும் என்று கணினி சொல்லும். ஓர் உயிரையும் பணயம் வைக்காமல் விபத்தை முன்கூட்டியே காட்டும் கருவி. வரவேற்கிறோம்!

ஆனால் கணினி, கொடுத்ததை வைத்துத்தான் கணக்குப் போடும். நிலம் சமதளம் என்று வைத்துக்கொண்டு விரைவாக முடிக்கும் எளிய முறைகள் உண்டு. மேட்டையும் பள்ளத்தையும் உள்ளபடியே சேர்த்துக் கணக்கிடும் முறைகளும் உண்டு. அவற்றுக்கு நேரம் அதிகம், செலவும் அதிகம்.

சட்டார்ஷியாவிலே நடந்தது என்ன? குழாய்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமெரிக்க மத்திய அரசு அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது: கனமழையால் மண் சரிந்து, குழாயின் பற்றவைப்பு இணைப்பு முறிந்தது. குழாயை நடத்திய டென்பரி நிறுவனத்தின் கணக்கு, வாயு பரவக்கூடிய பரப்பைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது. விபத்து நடந்ததையும், வாயுவின் தன்மையையும், உள்ளூர் மீட்புப் படையினருக்கு நிறுவனம் தெரிவிக்கவில்லை. என்ன வாயு என்றறியாமலே அவர்கள் களத்தில் இறங்கினார்கள்!

வேண்டுமென்றே குறைத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. பிழையென்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பிழையால் எச்சரிக்க வேண்டிய ஊர்கள் குறைந்தன, பொறுப்பும் குறைந்தது. லாபம் ஒருவருக்கு, மூச்சுத்திணறல் மற்றொருவருக்கு! ஆகவேதான் கேட்கிறோம்: ஆபத்தின் எல்லையைக் குறிக்கும் கோலை, ஆபத்தை உண்டாக்குபவர் கையிலே மட்டும் விடலாமா?

"விஞ்ஞானக் கணக்கு பாமரனுக்குப் புரியுமா?" என்பார்கள். மழைத் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் தேங்கும் என்பதை உழவன் அறிவான். எந்த வால்வு மூட மறுக்கும் என்பதைத் தொழிலாளி அறிவான். கணினிக்குக் கொடுக்க வேண்டிய கணக்கிலே இவையும் அடங்கும் அல்லவா?

2025 ஜனவரியில், கரியமிலவாயுக் குழாய்களுக்குக் கடுமையான விதிகளின் வரைவை அந்த அரசு அமைப்பு அறிவித்தது. வாயுப் பரவலை விரிவாகக் கணக்கிட வேண்டும் என்பதும் அதிலே ஒன்று. அதே மாதம் ஆட்சி மாறியது. வரைவு திரும்பப் பெறப்பட்டது! அந்நாட்டிலோ ஏறத்தாழ 5,000 மைல் நீளத்துக்கு இக்குழாய்கள் கிடக்கின்றன. புவி வெப்பத்தைத் தணிக்க, ஆலைப்புகையிலிருந்து இவ்வாயுவைப் பிடித்துப் புதைக்கும் திட்டங்கள் வளர்கின்றன. குழாயின் நீளமும் வளரும்.

திட்டம் வேண்டாம் என்பதல்ல நமது வாதம். ஒத்திகையின் கணக்கு பூட்டிய அறையிலே இருக்கக் கூடாது. குழாயருகே வாழ்பவனும், குழாயைப் பற்றவைப்பவனும், தீயணைக்க ஓடுபவனும் அதைப் பார்க்க வேண்டும். நிறுவனத்தைச் சாராத நிபுணர் அதைச் சரிபார்க்க வேண்டும். மண்ணோ மழையோ மாறினால், மறுபடியும் கணக்கிட வேண்டும்.

மூச்சு நம்முடையது. கணக்கைக் காட்டு என்று கேட்கும் உரிமையும் நம்முடையதே!